அம்மனை இழுத்த துரை காடி

மலேசியாவின் செமோரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் அர்ச்சுனனுக்கு உலகத்தில் இரண்டே பேரிடம்தான் பயம்: மனைவி துளசி, எஸ்டேட் மாரியம்மன். காதல் என்றால் அது அவனுடைய பழைய காரிடம் மட்டும். 1973-இல் ஏதோ ஒரு தோட்டத்துத் துரைக்காக இறக்கிய கறுப்புச் சொகுசுக் கார் அது. ஊரில் அதற்குத் 'துரை காடி' என்று பெயர். ஒன்றரை வருஷம் இஞ்சின் செத்துக் கிடந்தபோது, "தாயே, இது மறுபடி ஓடுனா திருநாளுக்கு உன்னை இதுலதான் ஊர்வலம் கூட்டிட்டுப் போவேன்" என்று வேண்டிக்கொண்டான். ஓடிவிட்டது.

வேண்டியவன் அளவெடுக்கவில்லை. திருவாசியோடு சேர்த்தால் அம்மன் நாலரை அடி. காரின் கதவு மூன்றடிகூட இல்லை. திருநாளன்று கூரையை அறுக்கலாமா என்றுகூட நினைத்துவிட்டான், பாவம்.

"என் பிக்கப்ல ஏத்தலாம் மச்சான்" என்றான் துளசியின் தம்பி தனேஷ். பின்னால் திறந்த தட்டுள்ள அந்தப் புது வண்டியை வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. "கேமரா, சென்சார் எல்லாம் இருக்கு. ஒங்க காடியில ஹாரனாச்சும் அடிக்குமா லா?"

வேறு வழியில்லாமல் அர்ச்சுனன் அம்மனைப் பிக்கப்பில் ஏற்றக் கைகொடுத்தான். வேண்டுதல் தவறினால் அம்மன் சும்மா விடுவாளா?

ஊர்வலம் கிளம்பியது. முதல் வீட்டு வாசலில் அந்த வீட்டுச் செல்லாயி அர்ச்சனைத் தட்டோடு குறுக்கே வந்தாள். பிக்கப் கீச்சென்று கத்தித் தானே பிரேக் போட்டது. அம்மன் முன்னால் சாய, பூசாரி கட்டிப் பிடித்துக்கொண்டார். அடுத்த வீட்டிலும் அதே கூத்து. அந்தச் சென்சாரை எப்படி அணைப்பது என்று தனேஷுக்குத் தெரியவில்லை.

"பக்தியான வண்டிதான். ஆளப் பாத்ததும் நின்னுடுது" என்றான் அர்ச்சுனன். சந்தோஷத்தை மறைக்க அவன் முயலவே இல்லை.

துளசிதான் வழி சொன்னாள். "தம்பி, நீ இஞ்சினை நிப்பாட்டு. நீங்க ஒங்க காடியில கயிறு கட்டி இழுங்க."

முன்னால் துரை காடி, பின்னால் வாய் மூடிய பிக்கப், அதன் மேல் அம்மன். நடை வேகத்தில் போனால் காடிக்குச் சூடு ஏறும். வாசலுக்கு வாசல் சாமி வண்டியின் சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவர்கள், பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மேலும் ஒரு குடம் ஊற்றினார்கள்.

கோயிலுக்குத் திரும்பியதும் பூசாரி அம்மன் மாலையைக் கழற்றித் தனேஷிடம் கொடுத்தார். அவன் தன் பிக்கப்பைத் தாண்டிப் போய்த் துரை காடிக்குப் போட்டான். அர்ச்சுனனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒங்க வேண்டுதல அம்மா ஏத்துக்கிட்டா" என்றாள் துளசி. "அடுத்த தடவை வேண்டுறதுக்கு முன்னாடி டேப் வச்சு அளந்துக்குங்க."