ரோஸ்லினின் சம்மதமும் என் நாய்களும்

1. ஓலையை நிறுத்தினேன்

"ஏனுங்க பாஸ்டரம்மா, எங்க புள்ளை பேரை ஏன் வாசிக்கல?"

ஆராதனை முடிந்து அங்கியைக்கூடக் கழற்றவில்லை. ரோஸ்லினின் அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

ஏற்காட்டு மலையில் நான் போதகராக இருந்தேன். போதகரின் மனைவி அல்ல, நானேதான் போதகர். இதைச் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றுவிட்டேன். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஜோடியின் பெயரை அறிவிக்க வேண்டும். அதுதான் ஓலை வாசிப்பது. முதல் ஓலைக்கு முன்னால் பெண்ணை நான் குடியிருந்த குருமனைக்கு வரச்சொல்லித் தனியாகச் சம்மதம் கேட்பேன். பெற்றோர் பக்கத்தில் இருந்தால் எந்தப் பெண்ணும் தலையாட்டிவிடுவாள்.

ரோஸ்லின் குப்பனூர்ப் பெண், சேலத்தில் ஜவுளிக்கடையில் வேலை. மாப்பிள்ளை சாமுவேல் தலைச்சோலையில் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன். அவனை எனக்கு நன்றாகத் தெரியும். காரில் மலையேறி வருகிறவர்களில் சிலர் வேண்டாத நாயைக் கொண்டை ஊசி வளைவில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அது கார் போன திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சாமுவேல் அதை ஜீப்பில் ஏற்றிவந்து என் வாசலில் இறக்குவான். நான் மருந்து போட்டு, கருத்தடை செய்து, வளர்க்க ஆள் கிடைக்கும்வரை வைத்திருப்பேன். என் ஆபீஸ் அறையில் மனிதர் இல்லாவிட்டாலும் நாய் இருக்கும்.

அந்த அறையில்தான் ரோஸ்லினைக் கேட்டேன்.

"உனக்குச் சம்மதமா கண்ணு?"

நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. "சம்மதந்தானுங்க" என்றாள். சத்தமே வரவில்லை. "நெசமாவா?" என்றதும் அழுதுவிட்டாள். "நான் ஊட்டுக்குப் போகட்டுங்களா?"

கட்டாயக் கல்யாணங்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த முகம் எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓலையை வாசிக்காமல் விட்டேன்.

"புள்ளைக்குப் புடிக்காத கல்யாணத்தை நான் நடத்த மாட்டேன்" என்றேன் அவள் அம்மாவிடம்.

"அவளுக்குப் புடிக்கலைன்னு உங்களுக்கு ஆருங்க சொன்னது?"

சாமுவேல் ஜீப் பக்கத்திலேயே நின்றிருந்தான். நான் கிட்டே போனதும், "என்னைப் புடிக்கலைங்களாமா?" என்று மட்டும் கேட்டான். எனக்கு அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

2. குப்பனூரில்

மறுநாள் பஸ் பிடித்துக் குப்பனூருக்கு இறங்கினேன். கதவைத் திறந்த ரோஸ்லின் வேறொரு பெண்ணோ என்று தோன்றியது. சிரித்தாள், டீ போட்டாள், கடையில் சேலை வாங்க வருகிறவர்கள் படுத்தும் பாட்டைச் சொன்னாள்.

"சாமுவேலைப் புடிச்சிருக்குதா?"

"நொம்பப் புடிச்சிருக்குதுங்க."

"அப்பறம் ஏன் கண்ணு அன்னிக்கு அழுத?"

தலையைக் குனிந்துகொண்டாள். "என் நாற்காலிக்கு அடியில அந்தச் செவலை நாய் படுத்திருந்துச்சுங்க."

சின்ன வயதில் ஒரு நாய் அவள் தொடையைக் கவ்வியிருக்கிறது. அன்றிலிருந்து நாய் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டாலே கை கால் ஓடாதாம். எனக்கு வெட்கமாகிவிட்டது. மனம் திறந்து பேசு என்று நான் சொன்ன இடத்தில் அவளால் மூச்சுகூட விட முடிந்திருக்கவில்லை.

"சாமுவேலுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. அவங்க ஊட்டுல மூணு இருக்குது. போன்ல அதுங்க கதையைத்தான் பேசுவாங்க. அம்மாகிட்டச் சொன்னா இதெல்லாம் ஒரு காரணமான்னு வைவாங்க. பேசாம கல்யாணமே வேண்டாம்னு சொல்லிரலாமான்னு இருந்தேங்க."

நான் தப்பான காரணத்துக்கு நிறுத்திய கல்யாணம் உண்மையிலேயே நின்றுபோக இருந்தது. "இப்பவே அவனுக்குப் போன் போடு. நான் பக்கத்துல இருக்கறேன்" என்றேன்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் சாமுவேல் பெருமூச்சு விட்டான். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்னு சொல்லாதீங்க. எனக்கு இது பெருசு."

சாமுவேல் சொன்னான்: "செரி, பெருசுதான். அதுங்களை வேற ஊட்டுல உட்டரட்டுமா?"

"வேண்டாங்க. ஏற்கெனவே ஒருத்தர் உட்டுட்டுப் போனதுங்கதான?"

"அப்படின்னா பின்னாடி வேலி போட்டு கேட் வைக்கறேன். சாவி உங்கிட்டயே இருக்கட்டும்."

முதல் ஓலையை அடுத்த ஞாயிறு வாசித்தேன். ரோஸ்லினின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டே கேட்டார்.

3. கோயில் வாசல்

கல்யாணத்தன்று மாப்பிள்ளை முன்னால் நிற்க வேண்டும், பெண்ணை அவள் அப்பா அழைத்துவர வேண்டும். பாடல் தொடங்கியது. பெண் வரவில்லை. பாடல் முடிந்தது, பாடகர் குழு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

சாமுவேலின் மூன்று நாய்களில் ஒரு நொண்டி நாய் எப்படியோ ஜீப் போன வழியைப் பிடித்து வந்து கோயில் படியில் உட்கார்ந்திருந்தது. ரோஸ்லின் கீழே உறைந்துபோய் நின்றாள். யாரோ கல்லைத் தேடினார்கள். நான் புத்தகத்தை வைத்துவிட்டு நகர்வதற்குள் சாமுவேல் திரும்பிப் பார்த்துவிட்டான். வழக்கமாவது ஒன்றாவது என்று வாசல்வரை நடந்துபோனான். நாயை விரட்டவில்லை. அதற்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றான். "இப்ப வா" என்றான். இரண்டு பேருமாக உள்ளே நடந்து வந்தார்கள், அப்பா பின்னால் வந்தார்.

சுகத்திலும் சுகவீனத்திலும் என்று வாக்குறுதியை நான் வாசிக்க, இருவரும் திருப்பிச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நான் எந்தப் பெண்ணையும் குருமனைக்கு வரச்சொன்னதில்லை. அவள் வீட்டுக்கே போய்க் கேட்டேன். இளம் போதகர்களுக்கும் அதையே சொல்கிறேன். அழுகிற பெண்ணின் காரணத்தை நீங்களாக முடிவு செய்யாதீர்கள், அவளையே கேளுங்கள்.

போன மழைக்காலத்தில் தலைச்சோலைப் பக்கம் போயிருந்தேன். பஸ் நிறுத்தத்தில் ரோஸ்லின் குடையோடு நின்றிருந்தாள். கொஞ்சம் தள்ளிச் சாக்கடை ஓரத்தில் ஒரு நாய்க்குட்டி நடுங்கிக்கொண்டு கிடந்தது. அவள் கிட்டேயும் போகவில்லை, அந்த இடத்தைவிட்டும் நகரவில்லை. யாராவது மிதித்துவிடப் போகிறார்கள் என்று ஆட்களை விலக்கிக்கொண்டிருந்தாள். சாமுவேல் ஜீப்பில் வந்துகொண்டிருக்கிறானாம்.

"பயம் போயிருச்சா கண்ணு?" என்றேன்.

"எங்கீங்க போகுது. பாருங்க, கை இன்னும் நடுங்குது" என்று காட்டினாள். "அவரு வர்ற வரைக்கும் அதுக்கு ஆரு இருக்கறாங்க சொல்லுங்க?"