கேட்டு வாங்கிய சீட்

போன மாதம் மறைந்த ராஜசேகரனுக்கு விமானத்தில் ஏறவே பிடித்ததில்லை. காது அடைக்கும் என்பார். ஆனால் தில்லி லக்ஷ்மிபாய் நகர் அரசு குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் பிடித்து அவர் தினமும் வேலைக்குப் போனது விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு. வெளிநாட்டு விமானங்கள் இங்கே வாரத்துக்கு எத்தனை இருக்கை விற்கலாம் என்பதை இரண்டு அரசாங்கங்கள் பேசித் தீர்மானிக்கும். அந்தக் கூட்டங்களில் இணைச் செயலாளருக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து, வேண்டியதைக் காதோடு சொல்வது அவர் வேலை.

வளைகுடா விமான நிறுவனம் ஒன்று ஒவ்வொரு முறையும் கூடுதல் இருக்கை கேட்கும். ராஜசேகரன் கூடாது என்பார். "நம்மகிட்ட ப்ளேன் இல்ல. இப்பத் திறந்துவிட்டா மொத்த ஜனத்தையும் அவன் அள்ளிக்கிட்டுப் போயிடுவான்."

தீபாவளிக்கு அவர்கள் அனுப்பும் பேரீச்சம்பழப் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பிவிடுவார். பக்கத்து மேசை லட்சுமணன் கேலி செய்வார். "ஒரு பழம் தின்னா நாடு முழுகிடுமாய்யா?"

இரண்டாயிரத்து இரண்டு ஜூலை மாதம் அவர் மனைவி லீலாவதி நோய் முற்றி மருத்துவமனையில் படுத்தார். இனி நாட்கள்தான் என்றார்கள். மகள் மதுமதி வளைகுடாவில் இருந்தாள். பள்ளி விடுமுறைக் காலம். டிக்கெட் கிடைக்காமல் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"எல்லா ஏஜெண்டையும் கேட்டாச்சுப்பா. ஃபுல்லுங்கறாங்க. உங்க ஆபீஸ்ல யாராவது சொன்னா..."

"பார்ப்போம்மா."

லட்சுமணனுக்குப் பொறுக்கவில்லை. "யோவ், அந்தப் பேரீச்சம்பழக் கம்பெனியோட தில்லி மேனேஜருக்கு ஒரு போன் போடும். யாரையாவது இறக்கிட்டாவது சீட் குடுப்பான்."

"குடுப்பான்னுதான்யா போடல. அடுத்த மாசம் அவங்களோட பேச்சுவார்த்தை."

"அதுவரைக்கும் தங்கச்சி இருக்குமா?"

ராஜசேகரன் பையை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பினார்.

மாலையில் லீலாவதி கண்ணைத் திறந்தார். "மது கிளம்பிட்டாளா?"

"கிளம்பிட்டா."

"எந்த ப்ளேன்ல?"

அத்தனை வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவருக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. ராஜசேகரன் எழுந்துபோய், வாசலில் இருந்த டெலிபோன் பூத்திலிருந்து மேனேஜரைக் கூப்பிட்டார். அந்த மனிதர் காரணம்கூடக் கேட்கவில்லை. கவலைப்படாதீர்கள் என்று இந்தியில் சொல்லி, மகளின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்.

மதுமதி மறுநாளே வந்தாள். அம்மாவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள். இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். பிறகு லீலாவதி போய்விட்டார்.

பேச்சுவார்த்தை தொடங்கிய காலையில் அந்த மேனேஜர் மேசையைச் சுற்றிவந்து ராஜசேகரனின் கைகளைப் பற்றித் துக்கம் விசாரித்தார். உண்மையான வருத்தம்தான். அதுதான் சங்கடமாக இருந்தது. இடைவேளையில் ராஜசேகரன் இணைச் செயலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

"சார், இந்த ஃபைல்ல இனி நான் இருக்கக் கூடாது."

"ஒரு சீட்டுக்காகவா? அரே, இங்க யார்தான் கேட்கல?"

"நான் கேட்டதில்ல சார். இப்பக் கேட்டுட்டேன்."

அலுவலகத்துக்கு மேசை, மின்விசிறி வாங்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். "என்னாலதானேப்பா?" என்று மதுமதி கேட்டபோது, "உங்கம்மாவாலம்மா. எந்த ப்ளேன்னு கேட்டுட்டா" என்று சிரித்தார்.

அந்த வருடத் தீபாவளிக்குப் பேரீச்சம்பழப் பெட்டி, இப்போது அந்த ஃபைலைப் பார்க்கும் லட்சுமணன் மேசைக்கு வந்தது. அவர் அதைத் தயங்காமல் பிரித்து ராஜசேகரனிடம் நீட்டினார். அந்த நிறுவனத்துக்கும் தனக்கும் இப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை என்று ஒரு நிமிடம் யோசித்துத் தெளிந்தபின், ராஜசேகரன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.