அந்த வீட்டில் நான் குடிக்காத டீ

டம்ளரின் விளிம்பைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுத்தான் அந்த அம்மா டீயை நீட்டினார். கரியாலூர் சாலை மலையேறும் முன்னால் வரும் காலனியில் இருந்தது அவர் வீடு. என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த அவர் மகள் ஒரு மாதமாகப் பள்ளிக்கு வரவில்லை. கரும்பு வெட்டப் போகிறவர்கள் அவளையும் கூட்டிப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தடுக்கப் போயிருந்தேன். பேச்சு நல்லபடியாகவே முடிந்தது. "திங்கக்கெழம அனுப்புறேன் சார், எந்தங்கச்சி வூட்ல உட்டுட்டுப் போறேன்" என்றார். பிறகு பக்கத்து வீட்டில் பால் வாங்கி வந்து, இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்தார். எங்கள் பக்கத்தில் வந்தவருக்கு டீ கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள்.

"நான் டீ குடிக்கறதில்லம்மா, பஸ்ஸுக்கும் நேரமாச்சு" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பது பாதி உண்மைதான். மீதியைச் சொல்லக் கூசுகிறது. என் சொந்த ஊர் மணலூர்பேட்டையில் எங்கள் வயலில் வேலை செய்தவர்களுக்குத் தனி டம்ளர் இருந்தது. மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகி வைத்திருப்போம். அதைப் பார்த்து வளர்ந்த கை நீளவில்லை. மேடையேறினால் சமத்துவம் பேசுகிற வாத்தியாரின் கை!

ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இரண்டாவது டீயை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே அந்த அம்மா. என் கையைப் பார்த்தார். வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை அவர் மகள் பள்ளிக்கு வரவில்லை. பள்ளி விட்டதும் ஓடினேன். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. மகள் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "எனக்கும் ஒரு டீ குடுங்கம்மா."

"எங்க வூட்டு டீ உங்களுக்கு இன்னாத்துக்கு சார்? கடையில குடிச்சிக்கினு இருந்தீங்க, பாத்தேனே." குரலில் கோபம்கூட இல்லை. "எங்க டம்ளர தொட மாட்டீங்க. எம் பொண்ண மட்டும் எப்பிடி சார் பக்கத்துல ஒக்கார வச்சி சொல்லித் தருவீங்க?"

மறுநாள் விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டார்கள்.

இப்போதெல்லாம் யார் வீட்டில் நீட்டினாலும் வாங்கிக் குடித்துவிடுகிறேன். சில நாள் ஏழெட்டு ஆகிறது. வயிறு எரிகிறது, மனைவி திட்டுகிறாள். ஆனாலும் மனம் ஆறுவதில்லை. அந்த வருடம் பதிவேட்டிலிருந்து அவள் பெயரை நீக்கும்போது, காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'பெற்றோர் வெளியூர் சென்றுவிட்டனர்' என்று என் கையால்தான் எழுதினேன்.