நாலு அட்மின்களும் ஒரு கடைக்குட்டியும்

கடைக்குட்டிக்கு நாற்பத்தாறு வயது. கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்குகிறது, மகன் கல்லூரியே முடித்துவிட்டான். ஆனாலும் ஜன்னல் திரை தைத்து மாட்டிக் கொடுக்கும் அந்தக் குடும்பக் கம்பெனியில் அவள் இன்றும் கடைக்குட்டிதான். கணக்கு, ஆர்டர், வாடிக்கையாளரின் வசவு மூன்றும் அவள் பொறுப்பு. பாராட்டு மட்டும் பெரியண்ணன் பொறுப்பு.

போன வருடம் ஒரு காலை, ஷட்டரைத் தூக்கி, விளக்கைப் போட்டு, கம்ப்யூட்டரைத் திறந்தாள். எல்லாக் கோப்புகளுக்கும் எவனோ பூட்டுப் போட்டுவிட்டு, திறக்கப் பணம் கேட்டிருந்தான். ஊரில் உள்ள ஜன்னல்களின் அளவெல்லாம் போயே போயிற்று. இந்தக் குடும்பத்தில் ஒரு தப்பை முதலில் யார் பார்க்கிறாரோ அவரே குற்றவாளி. பால் பொங்கி வழிந்தாலும் அப்படித்தான். தினமும் முதலில் வருகிறவள் அவள். "கண்டதையும் கிளிக் பண்ணிட்டா" என்று ஒரே மூச்சில் தீர்ப்பு வந்துவிட்டது. அவளுடைய பாஸ்வேர்டைப் பிடுங்கிப் பெரியண்ணியிடம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஒரு கோப்பைத் திறக்க வேண்டுமென்றாலும் அண்ணி எழுந்து வந்து, யாரும் பார்க்காதபடி மறைத்துக்கொண்டு தட்டிக் கொடுப்பார். மாடாய் உழைத்த இடத்தில் இப்படிக் கையேந்தி நிற்பது அவளுக்கு அவமானமாக இருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கூட்டம் போடுவார்கள்.

இப்போது ஒரு பெரிய ஹோட்டல், கம்ப்யூட்டர் பாதுகாப்பு இல்லாத கம்பெனிக்கு ஆர்டர் தர முடியாது என்று சொல்லிவிட்டது. அது வருடச் சந்தா கட்டி வாங்கும் மென்பொருள் சமாச்சாரம். எந்தத் திட்டம் நல்லது என்று பார்ப்பதற்கு நிறையப் படிக்க வேண்டியிருந்ததால், அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. அவள் வரிவிடாமல் படித்தாள். சரியான திட்டத்தைக் காட்டிவிட்டால் பாஸ்வேர்டு திரும்பி வரும் என்று ஒரு நப்பாசை.

கூட்டம் கூடியது. பெரியண்ணன், பெரியண்ணி, சின்னண்ணன், ஏ.சி.க்காக வந்து உட்காரும் சித்தப்பா.

"மூணு திட்டம் இருக்குண்ணா," என்றாள். "முதல் திட்டம் வைரஸ் வந்தா தடுக்கும், அவ்வளவுதான். ரெண்டாவது, தடுக்கிறதோட, அது எந்தக் கம்ப்யூட்டர்ல எப்படி நுழைஞ்சதுன்னு தேடிச் சொல்லும். மூணாவதுல அவங்க ஆளுங்களே ராப்பகலா பாத்துக்குவாங்க."

"மூணாவதுதான் நமக்குக் கௌரவம்," என்றார் பெரியண்ணன். விலையைப் பார்த்ததும் கௌரவம் ஒரு படி இறங்கி இரண்டாவதில் வந்து நின்றது.

"கம்ப்யூட்டருக்கு இவ்வளவுன்னா, தையல் கூடத்துக் கம்ப்யூட்டரை விட்டுடலாமே. அதுல என்ன ரகசியம் கொட்டிக் கிடக்கு?" என்றார் சின்னண்ணன்.

"எல்லாக் கதவையும் பூட்டிட்டு ஒண்ணை மட்டும் திறந்து போட்டா என்னண்ணா பிரயோஜனம்?"

"என் போனையும் சேர்த்துக்கோம்மா," என்றார் சித்தப்பா. "தினம் காலைல எவனெவனோ பூப் படம் அனுப்புறான்."

இதுவரை எல்லாம் சுமுகம்தான். "அட்மின்னு ஒருத்தர் பேர் கொடுக்கணும். எச்சரிக்கையெல்லாம் அவருக்குத்தான் வரும்," என்று அவள் சொன்னாளோ இல்லையோ, வைரஸை எல்லாரும் மறந்துபோனார்கள். நான்தானே மூத்தவன் என்றார் பெரியண்ணன். பாஸ்வேர்டெல்லாம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார் அண்ணி. நான் என்ன வெளியாளா என்று சின்னண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். உங்கப்பா இருந்திருந்தா என்று சித்தப்பா ஆரம்பித்தார். அவரை நிறுத்துவதற்காகவே நாலு பேரையும் அட்மினாகப் போடுவது என்று முடிவாயிற்று.

"உனக்கு எதுக்கும்மா அந்தத் தொல்லை," என்று பெரியண்ணன் பரிவாகச் சொன்னார். அவள் உட்கார்ந்து நாலு பெயர்களையும் பதிந்து கொடுத்தாள்.

வந்த மென்பொருள் முதல் வேலையாக எல்லா மெஷின்களையும் மூலை முடுக்கு விடாமல் துழாவியது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நாலு போன்களும் ஒன்றாகக் கத்தின. மூன்று பேர் மனதுக்குள் படித்தார்கள். சித்தப்பாவுக்கு மட்டும் எதையும் உரக்கப் படித்தால்தான் புரியும்.

"பழைய பூட்டு வைரஸ். மிச்சம் இருக்கும் இடம், பெரியண்ணன் லேப்டாப். வந்த வழி, 'உங்களுக்குப் பரிசாக ஒரு கார்' என்ற மின்னஞ்சல். கணக்கு மெஷினுக்கு இங்கிருந்துதான் பரவியது." படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். "ஏம்ப்பா, கார் வந்துச்சா?"

குற்றவாளியுடையது என்று அன்று அவள் மெஷினை மட்டும்தான் துடைத்துச் சுத்தம் செய்திருந்தார்கள். உண்மையான குற்றவாளியின் மெஷினை யார் தொடுவது?

சின்னண்ணன், இங்கே சிக்னலே கிடைப்பதில்லை என்று போனை ஆட்டிப் பார்த்தார். அண்ணி சாப்பாட்டு டப்பாவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைக்குட்டிக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கண் கலங்கியது. யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரியண்ணன் தொண்டையைச் செருமினார். "இந்தத் திட்டம் நமக்குச் சரிப்படாது போல. பாதுகாப்பா இருக்கணும், ஆனா இன்னார்னு பேர் சொல்லக் கூடாது. அந்த மாதிரி பிளான் ஏதாவது இருக்கா பாரேன்."

"இருந்துச்சுண்ணா. ஒரு வருஷமா அந்தப் பிளான் நான்தான். சந்தா முடிஞ்சு போச்சு," என்றாள் அவள். "அண்ணி, என் பாஸ்வேர்டைக் கொடுங்க."

அண்ணி பெரியண்ணனைப் பார்த்தார். அவர் சாப்பாட்டைப் பார்த்தார். அண்ணி கொடுத்துவிட்டார்.