காப்புக் கட்டிய கையோடு

முருகனைக் கும்பிடும் அன்பர்களே, உங்கள் முன்னால் இதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அது என்னவென்று எனக்கே முழுசாக விளங்கவில்லை.

2000-ஆம் வருஷம் மே மாதம் எங்கள் தீவு நாட்டின் தலைநகர் சுவாவில் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அப்போது நான் சுவாவை ஒட்டிய லாமியில் ஒரு துணித் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதமே முதலாளி கதவைப் பூட்டிவிட்டு ஆஸ்திரேலியா போய்விட்டார். எனக்கு முப்பத்திரண்டு வயது. வேறு தொழில் தெரியாது. சரி, இனி ஒருத்தரிடம் கைகட்டி நிற்க வேண்டாம், கம்ப்யூட்டர் வேலைகளைத் தனியாக ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்வோம் என்று கார்டு அடித்துக்கொண்டு கிளம்பினேன்.

ஒரு ஒப்பந்தமும் கிடைக்கவில்லை. சுவாவில் நான் ஏறாத படி இல்லை. எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். டீ கொடுத்தார்கள். கடைசியில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "நீங்களும் போயிடுவீங்கதானே?" அவர்களையும் குறை சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் படித்த நம்மவர்கள் அப்போது கும்பல் கும்பலாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பாதி எழுதிய புரோகிராமை அப்படியே விட்டுவிட்டு, பாஸ்வேர்டைக்கூடச் சொல்லாமல் விமானம் ஏறியவர்கள் உண்டு. போக மாட்டேன் என்று என்னாலும் சத்தியம் பண்ண முடியவில்லை. என் மனைவி சரோஜினி நியூசிலாந்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அவள் அண்ணன் அங்கே இருக்கிறார். போவதா, இருப்பதா? காலையில் ஒரு முடிவு, சாயங்காலம் ஒரு முடிவு. பைத்தியம் பிடிக்காத குறை.

வுனிமோனோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே முருகன் கோயில். மனசில் உள்ளதைச் சீட்டில் எழுதிச் சன்னிதித் தட்டில் போடுவது அங்கே வழக்கம். நானும் போட்டேன். இங்கே என் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் பேச்செல்லாம் ஹிந்திதான். தமிழ் எழுத்து, சின்ன வயதில் கோயில் வகுப்பில் படித்ததோடு சரி. "வேலை வேண்டும்" என்று எழுதுவதாக நினைத்துக்கொண்டு "வேல் வேண்டும்" என்று எழுதி, கீழே பெயரையும் போட்டுவிட்டேன்.

திருவிழாவில் வேல் குத்திக்கொள்கிறவர்கள் பெயர் கொடுக்கிற வாரம் அது. வெள்ளிக்கிழமை பூஜையில் குருக்கள் பட்டியலை வாசித்தார். என் பெயர் நான்காவது. கூட்டம் அரோகரா போட்டது. ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவன் நான்! ஓடிப்போய்க் குருக்களிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். சீட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"தப்பா எழுதினது நீங்க. சரியா வாசிச்சது நான். இதுல அவன் என்ன நினைக்கிறான்னு யாருக்குத் தெரியும்? இஷ்டமிருந்தா நில்லுங்க தம்பி, இல்லாட்டி பேரை அடிச்சிடறேன்" என்றார்.

அடித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி, நிற்கிறேன் என்று வந்தது. ஏன் என்று கேட்காதீர்கள். பக்தி என்று சொன்னால் பொய்.

பத்து நாள் விரதம். கையில் மஞ்சள் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டியவன் திருவிழா முடியும்வரை, எங்கள் ஊருக்கும் சுவாவுக்கும் நடுவே ஓடும் ரேவா ஆற்றைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் கோயில் கட்டுப்பாடு. கோயிலிலேயே தங்கல். எனக்குப் பக்கத்தில் படுத்தவர் முனுசாமி அண்ணன். ஐம்பது வயதிருக்கும். எல்லோருக்கும் மஞ்சள் வேட்டி, வெற்றுடம்பு. யாருக்கு என்ன தொழில் என்று கேட்கிற பழக்கம் அங்கே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பாத்திரம் தேய்த்தோம்.

நான்காம் நாள் சரோஜினி மூச்சிரைக்க ஓடி வந்தாள். சுவாவில் ஒரு கம்பெனியிலிருந்து போன். மறுநாள் காலை பத்து மணிக்கு நேரில் வந்தால் ஒப்பந்தம் பேசி முடித்துவிடலாமாம். இத்தனை நாளாக நான் கேட்டது இதைத்தானே! சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் கையிலிருந்த காப்பைப் பார்த்தேன்.

மறுநாள், குருக்களிடம் சொல்லாமல், மஞ்சள் வேட்டிக்கு மேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சுவாவுக்கு டிக்கெட்டும் வாங்கினேன். நவுசோரி மார்க்கெட்டைத் தாண்டி பஸ் ரேவா பாலத்துப் பக்கம் திரும்பியது. போனால் சாமி குத்தம். போகாவிட்டால் குடும்பம் என்னாவது? முருகா, ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் கட்டிப்போடுகிறாயே, என்னதான்டா சொல்கிறாய் என்று உள்ளுக்குள் திட்டினேன். ஆமாம், திட்டினேன். பிறகு மணியை அடித்து இறங்கிவிட்டேன். டிரைவர், "என்ன சாமி, இங்கயேவா?" என்று கேட்டார். கோயிலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.

சரோஜினி ஹிந்தியில் திட்டியதைத் தமிழில் எழுதுகிறேன்: "வேலை வேணும்னு சாமிகிட்ட போனீங்க. வந்த வேலையைச் சாமி பேரைச் சொல்லி விட்டுட்டீங்க. உங்களை நம்பி இந்த நாட்டுல நான் எப்படி இருக்கறது?" அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. சுவா கம்பெனி அன்றே வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது. மீதி நாட்கள் நான் சாமி முகத்தைப் பார்க்கவே இல்லை. பாத்திரம் மட்டும் தேய்த்தேன்.

திருவிழா நடந்தது. வேல் குத்தினார்கள். வலிக்கவே வலிக்காது என்பார்கள். எனக்கு வலித்தது. காப்பு அவிழ்த்த அன்று முனுசாமி அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"டிக்கெட் வாங்கிட்டுப் பாலத்துக்கு முன்னாடியே எறங்குன மஞ்சவேட்டி நீதானா பையா? நம்ம டிரைவர் டிப்போ பூரா சொல்லிச் சிரிச்சான்."

"நம்ம டிரைவரா?"

"பஸ் என்னுது. எதுக்குப் போன, ஏன் எறங்குன?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய பஸ் கம்பெனியில் எந்த டிரைவருக்கு எந்த வண்டி, எந்த நேரம் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருந்ததாம். அந்த புரோகிராமை எழுதியவன் சிட்னி போய்விட்டான். அது ஒருநாள் படுத்ததிலிருந்து காகிதத்தில் எழுதித் தவிக்கிறார்களாம். புதிதாக எழுதித் தருவாயா என்று கேட்டார்.

"அண்ணே, நியூசிலாந்துக்குப் பேப்பர் போட்டிருக்கு. எவ்வளவு நாள் இங்க இருப்பேன்னு எனக்கே தெரியாது" என்று உள்ளதைச் சொன்னேன். இதையும் கெடுத்துக்கொண்டேனே!

"அத நான் கேக்கல. எவன் எவ்ளோ நாள் இருப்பான்னு இன்னிக்கு யாருக்குத் தெரியும்? ஒரு நூலுக்காக நின்ன ஆளு நீ. எடுத்த வேலையப் பாதியில போட்டுட்டுப் போவ மாட்ட. அச்சா, திங்கக்கெழம வா."

அதுதான் என் முதல் ஒப்பந்தம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன்.

நியூசிலாந்து அனுமதி வந்தபோது அந்த வேலை பாதிதான் முடிந்திருந்தது. கடிதத்தைப் பிரித்துப் படித்த சரோஜினி, "முனுசாமி அண்ணன் வேலையை முடிங்க, அப்புறம் பேசலாம்" என்றாள். முடிப்பதற்குள் வேறு இரண்டு பேர் கூப்பிட்டுவிட்டார்கள். நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம். வாராவாரம் குருக்களிடம் தமிழ் எழுதப் படித்தேன். இந்தக் கட்டுரை அதன் பலன்.

எழுதத் தெரியாதவனுக்கு முருகன் இரங்கினானா, என்னோடு விளையாடினானா, இல்லை பயத்தில் நான் இறங்கியதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டானா? தெரியவில்லை. ஆனால் நன்றியில் எனக்குக் குழப்பமே இல்லை. உங்களில் எத்தனையோ பேர் இன்றும் பேப்பர் போட்டுவிட்டு, போவதா இருப்பதா என்று தவிக்கிறீர்கள். மனம் தெளியட்டும், பிறகு கோயிலுக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். குழப்பத்தோடேயே போய் அவன் முன்னால் நில்லுங்கள். வழி தெரிந்தவனுக்கு வழித்துணை எதற்கு?