பிலோமினா டீச்சருக்குச் சர்க்கரை நோய் இல்லை

போன செவ்வாய்க்கிழமை லஸ் கார்னரில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது செய்தி வந்தது. நம் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கணக்கு டீச்சர் பிலோமினாவின் பழைய புகைப்படம். கீழே, "சர்க்கரை நோயால் அவதியுற்று இறைவனில் இளைப்பாறினார்" என்று ஒரு வரி. அவருடைய அண்ணன் எழுதி அனுப்பியது. அதற்கடியில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

அவரோடு ஸ்டாஃப் ரூமில் டீ குடித்த உங்களுக்கெல்லாம் தெரியும். இனிப்பு குறைந்தால் டீக்கடைக்காரரை விடமாட்டார். "இன்னா நைனா, சக்கரைக்கு ரேஷன் கார்டு காட்டணுமா?" என்பார். அந்த மனுஷிக்குச் சர்க்கரை நோயாம்.

அவருக்கு வந்தது தொழுநோய். கல்லூரியில் படிக்கும்போது வந்தது. மாத்திரைகளை முழுக்கச் சாப்பிட்டுக் குணமாகித்தான் நம் பள்ளிக்கு வேலைக்கு வந்தார். இதை வம்புக்காக எழுதவில்லை. எழுதச் சொன்னவர் அவரே.

கிருமி செத்த பிறகும் சிலருக்கு உடம்பு சண்டையை நிறுத்துவதில்லையாம். காய்ச்சல் வரும், தோலில் சிவந்த கட்டிகள் கிளம்பும், ரத்தக் குழாய்கள் வீங்கும். கவனிக்காமல் விட்டால் நாளடைவில் சிறுநீரகத்தில் கைவைக்கும். இவருக்கும் காய்ச்சலும் கட்டியும் வந்து வந்து போயின. உடனே காட்டியிருந்தால் மருந்து உண்டு. ஆனால் அவருடைய அண்ணன், "மறுபடி அந்த ஆஸ்பத்திரி வாசல்ல போயி நிக்காத, யாராவது பாத்துட்டா என் பொண்ணை எவன் கட்டிக்குவான்?" என்று சொல்லிவிட்டார். அண்ணன் மகள் அப்போது பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை. அந்தக் குழந்தையின் கல்யாணத்துக்காக இவர் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார்.

கால் வீங்கி டயாலிசிஸில் வந்து நின்றபோதும் சிறுநீரக டாக்டரிடம் வாயைத் திறக்கவில்லை. இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்து டயாலிசிஸ் ஊசி குத்த வழி செய்தார்கள். தினமும் காலையில் அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும், அதிர்வு தெரியாவிட்டால் ஓடி வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் முதல் மணி அடிக்கும் முன் என் எதிரே வந்து உட்கார்ந்து கையை மேஜைமேல் நீட்டினார். "டீச்சர், என் விரல்ல உணர்ச்சி கிடையாது. தொழுநோய் வந்து போனது. காதுல வெச்சா பக்கத்து வூட்ல மிக்ஸி ஓடற மாதிரி கேக்குது. ஆனா நம்பிக்கை வரல. தொடறதுன்னா தொடுங்க, இல்லாட்டி பரவால்ல."

தொட்டேன். தோலுக்கடியில் பூனை உறுமுவதுபோல் இருந்தது.

"ஓடுதா டீச்சர்?"

"நன்னா ஓடறது. போய் க்ளாஸ் எடுங்கோ."

அன்றிலிருந்து இது எங்கள் காலை வழக்கம். உங்களில் சிலர், "என்ன, தினமும் கைரேகை ஜோசியமா?" என்று கேலி செய்தீர்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "எனக்கு மாப்ளை வருவானான்னு பாக்கறாங்க" என்பார்.

இந்த மே மாத விடுமுறையில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அசோக் நகரில் தனியாக இருந்தவர், பட்டினப்பாக்கத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்த் தங்கினார். முழுக்கை ரவிக்கை போட்டுக்கொள்ளச் சொன்னார்களாம், போட்டுக்கொண்டார். தெரு முழுக்க ஒலிபெருக்கி. காதில் கையை வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணியிடம் கையை நீட்டி, "கொஞ்சம் வெச்சுப் பாரேன் அண்ணி" என்றிருக்கிறார். "கையெல்லாம் மாவா கீது, அப்பால பாக்கறேன்." அந்த மாவை அண்ணி கழுவிக்கொண்டு வரவே இல்லை. மறுநாளும் வரவில்லை. டயாலிசிஸுக்குப் போனபோது கையில் இணைத்த ரத்தக் குழாய் அடைத்திருந்தது. சரிசெய்யும் நேரம் கடந்துவிட்டது என்றார்கள்.

வேறு இடத்தில் வழி செய்யப் பார்த்தார்கள். குழாய்கள் எல்லாமே நைந்து கிடந்தன. ஏன் இப்படி என்று டாக்டர் குழம்பியபோதுதான் தனக்குத் தொழுநோய் வந்துபோனதை இவர் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"சொல்லியிருந்தா இந்த நாற்காலில உக்கார வெச்சிருப்பீங்களா சார்?"

"நிச்சயமா உக்கார வெச்சிருப்பேன்" என்றார் டாக்டர். நல்ல மனிதர், அவரை நான் நம்புகிறேன். பிலோமினா டீச்சரும் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் அன்று வெளியே வந்து அவ்வளவு நேரம் அழுதார். அழுது முடித்து, "நான் உசுரோட கீற வரைக்கும் வாயை மூடிக்கினு இருங்க டீச்சர். அப்புறம் எல்லார்கிட்டயும் சொல்லுங்க. அடுத்தவளாவது டாக்டர்கிட்ட மறைக்காம இருக்கட்டும்" என்றார். டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் கிருமி புகுந்தது. காய்ச்சலிலேயே போய்விட்டார்.

அடக்கத்துக்குப் போனேன். அண்ணி ஐஸ் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். கண்ணாடியைத் தொடுவதில் அவருக்கு ஒரு சங்கடமும் இருக்கவில்லை. நான் கிளம்பும்போது பின்னாலேயே வந்தார். "டீச்சர், ஸ்கூல்ல சுகர்னே இருக்கட்டும். சின்னவனுக்குப் பொண்ணு பாத்துக்கினு கீறோம்." இரவு குழுவில் எழுதிவிட்டேன், சர்க்கரை இல்லை, தொழுநோய் என்று.

அதோடு கும்பிடும் கைகள் நின்றுபோயின. உங்களில் ஒருவர் மட்டும் எனக்குத் தனியாக எழுதினீர்கள். "நாமெல்லாம் ஒரே கப்புலதானே டீ குடிச்சோம், டெஸ்ட் ஏதாவது எடுக்கணுமா?" பெயரைச் சொல்ல மாட்டேன். எடுக்க வேண்டாம். மருந்தை ஆரம்பித்துவிட்டாலே அது அடுத்தவருக்கு ஒட்டாது. அவர் நம்மோடு டீ குடித்தது குணமாகிப் பல வருடங்கள் கழித்து. பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, நாம்தான் நடத்துகிறோம்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். முதல் மணிக்கு முன் என் வலது கை தானாக மேஜையில் நீள்கிறது. எதிர் நாற்காலி காலியாக இருக்கிறது. அந்தக் கைதான் அவரைத் தினமும் தொட்டது. சாக்பீஸ் பெட்டி இந்த வருடமும் என் பொறுப்பில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை நீங்கள் எல்லோரும் என்னிடம்தான் வர வேண்டும். அந்தக் கையால்தான் எடுத்துத் தருவேன்.