மலை இறங்கும் ரோடு

அந்த வருடம் ஆடி மாதத்தில் கல்யாண மண்டபம் கேட்டுப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன். அஸ்தம்பட்டியில், நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டருக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த சின்ன மண்டபம் அது. மேனேஜர் காலியான ஹாலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஆடியில என்ன விசேசமுங்க அம்மிணி? காதுகுத்துக் கூட வெக்க மாட்டாங்களே."

வீடியோ கேம் எழுதுகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசப் போகிறோம் என்றேன். வீடியோ என்றதும் படம் போடுவீர்களா, டிக்கெட் உண்டா என்று கேட்டார். படமும் இல்லை, டிக்கெட்டும் இல்லை என்றேன்.

"அப்ப பொண்ணு மாப்பிள்ளையும் இல்ல. சாப்பாடாவது உண்டுங்களா?"

தக்காளி சாதமும் தயிர் சாதமும் உண்டு என்ற பிறகுதான் சாவியைத் தேட எழுந்தார்.

எண்பதுகளின் கடைசி அது. எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்துவிட்டு அந்த சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். டிவியோடு சேர்த்து மாட்டுகிற சிறிய கம்ப்யூட்டர்கள் எங்கள் பக்கத்தில் அங்கங்கே வந்து சேர்ந்திருந்த நேரம். சிலவற்றை வெளிநாட்டு உறவினர்கள் கொண்டுவந்திருந்தார்கள், இன்னும் சில, பள்ளிகளுக்கு வந்து பீரோவில் பூட்டப்பட்டிருந்தன. எழுதிய புரோகிராமைப் பாட்டுக் கேசட்டில்தான் பதிவு செய்ய வேண்டும். டேப் ரெக்கார்டரை ஓட்டினால் கீச்சென்று ஒரு சத்தம் வரும், சில நிமிடம் கழித்துத் திரையில் ஆட்டம் வரும். அப்படி ஆட்டம் எழுதுகிறவர்கள் சேலத்திலும் நாமக்கல்லிலும் இன்னும் சிலர் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அவர்களைத் தேடக் கேசட் கடைகளிலும் டிவி ரிப்பேர் கடைகளிலும் சொல்லி வைத்தேன். டிவியின் பின்பக்கத்தில் எதையோ மாட்டிக் கெடுத்துக்கொண்டு வருகிறவர் யாராவது இருந்தால் விலாசம் வாங்கி வையுங்கள் என்று கேட்டேன். விலாசங்கள் வந்தன. எல்லோருக்கும் கார்டு போட்டேன்.

ஏன் ஆடி என்று கேட்டவர்களிடம் காரணங்களை வரிசையாகச் சொல்வேன். மண்டபம் கிடைக்கும். யாருக்கும் முகூர்த்தம் இருக்காது. ஊர்க்காரர்கள் யார் கல்யாணத்துக்கும் போக வேண்டியிருக்காது. எங்கள் சென்டர் நடத்திய சார், "நல்லா யோசிச்சிருக்கம்மா" என்றார். யாரிடமும் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. என் தோழிக்கு அந்த வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. முதல் ஆடிக்கு அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவார்கள்.

நாங்கள் இருவரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். அவள் ஊர் ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில், மஞ்சளும் நெல்லும் பயிர் வைக்கிற குடும்பம். படிப்பு முடிந்து அவளும் என்னோடு சென்டருக்கு வந்தாள். மாலையில் மாணவர்கள் போன பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து ஓர் ஆட்டம் எழுதினோம். மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு லாரி ஏற வேண்டும். லாரியை நான் எழுதினேன்: கியர், வேகம், இன்ஜின் சூடு, எல்லாம் கணக்கு. ரோட்டை அவள் எழுதினாள். அடுத்த வளைவு எப்படி வரும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கே தெரியாது. பாதி மலையிலேயே கம்ப்யூட்டரின் மெமரி தீர்ந்துபோனது. அதற்கு மேல் பனி என்று ஒரு வரி போட்டு ஆட்டத்தை முடித்தோம்.

அடுத்து இறங்கும் ரோடு எழுதுவதாகப் பேச்சு. ஏறுவதைவிட இறங்குவதில்தான் விஷயம் இருக்கிறது என்பாள். அதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார். திருச்செங்கோட்டுப் பக்கம், போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பம். கல்யாணத்தன்று மணமேடைக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆடிக்கு வருவேனல்ல, அப்பப் பாத்துக்கலாம்" என்றாள். அந்த ஒரு வரியின் மேல்தான் நான் ஒரு மண்டபத்தையே எடுத்திருந்தேன். பத்துப் பேர் நடுவில் அவள் உட்கார்ந்து, அவள் போட்ட ரோட்டை மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்தால், இறங்கும் ரோட்டை எழுதாமல் அவளால் இருக்க முடியாது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவளுடைய அப்பா சென்டருக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் ஒரு பை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். பாப்பா வர முடியாது என்றார்.

அவர் சொன்னது இதுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை ஊரில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டி நோன்பைத் தொடங்கியிருந்தார்கள். கல்யாணம் கூடி வந்தால் மகள் தீச்சட்டி எடுப்பாள் என்று அவள் அம்மா வேண்டியிருந்தார். அதனால் அவள் கையில் காப்புக் கட்டியாகிவிட்டது.

"நாங்க போயிட்டு பொழுதோட திரும்பீரலாமுங்க. கையில காப்பு கட்டுனவங்க எல்ல தாண்டக் கூடாதுங்களே."

நான் தினசரிக் காலண்டரைப் பார்த்துத்தான் தேதி குறித்திருந்தேன். அமாவாசை, ஆடிப்பெருக்கு, எங்கள் ஊர்க் கோட்டை மாரியம்மன் பண்டிகை, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு எடுத்த ஞாயிறு அது. ஊருக்கு ஊர் சாட்டுகிற நாள் எந்தக் காலண்டரிலும் இருக்காது. ஊர் கூடிப் பேசி அப்போதுதான் வைப்பார்கள். டவுனில் வளர்ந்த எனக்கு ஆடித் திருவிழா என்றால் ஒரு லோக்கல் விடுமுறை, அவ்வளவுதான். எந்த மாதம் அவளைக் கொண்டுவரும் என்று காத்திருந்தேனோ அதே மாதம் அவளை எல்லைக்குள் நிறுத்திவைத்துவிட்டது.

அவள் அப்பா பையை மேஜைமேல் வைத்தார். ஆட்டையாம்பட்டி முறுக்கு. "வர்றவங்களுக்குக் குடுங்க. பாப்பா சொல்லியுட்டுச்சு" என்றார். நான் பையையே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். அடுத்த முறை கட்டாயம் அனுப்புகிறோம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் நன்றாகவே நடந்தது. நினைத்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள், பாதிப் பேர் துணியில் சுற்றிய கம்ப்யூட்டரோடு. நாமக்கல்லிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவர் கோழிப்பண்ணை ஆட்டம் எழுதியிருந்தார். மேலிருந்து முட்டைகள் விழும், கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும், மூன்று உடைந்தால் ஆட்டம் முடிந்தது. ஆடுபுலி ஆட்டத்தைத் திரைக்குக் கொண்டுவந்திருந்த ஒரு வங்கி ஊழியர் அதைப் பார்த்துவிட்டு, "எங்க ஊட்டுல ஒண்ணு ஒடஞ்சாலே ஆட்டம் முடிஞ்சுருமுங்க" என்றார். சிரித்த பிறகு எல்லோரும் ஒருவரோடு ஒருவர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தெருமுனைக் கோயிலின் குழாய் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்ததால் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது. இத்தனை நாளும் வீட்டில் பைத்தியம் என்று பேர் வாங்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். மெமரி தீர்ந்துபோனால் எதை வெட்டுவது, கேசட் இழுபட்டால் என்ன செய்வது என்று ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசினார்கள். நான் வாசல் பக்கம் உட்கார்ந்து வருகிறவர்களின் பெயர் எழுதினேன். எல்லோரும் வந்து முடித்த பிறகும் அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் எங்கள் லாரியை ஓட்டினார்கள். ஆறாவது வளைவில் எல்லோரும் பள்ளத்தில் விழுந்தார்கள். மறுபடி ஓட்டினார்கள், மறுபடி விழுந்தார்கள். வங்கி ஊழியர் மட்டும் கடைசிவரை விடவில்லை. பனி வரைக்கும் போய்விட்டு எழுந்து, ரோடு போட்டது யார் என்று கேட்டார்.

"கூடப் படிச்சவங்க. வர முடியல" என்றேன்.

அதைச் சொன்ன பிறகு என்னால் அங்கே இருக்க முடியவில்லை. சாப்பாடு முடிந்ததும் மிச்ச நிகழ்ச்சிகளை சாரிடம் ஒப்படைத்தேன். நீ கூப்பிட்ட கூட்டம்மா இது என்றார். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அவள் ஊரின் எல்லையில் ரோட்டுக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். வீட்டு வாசலில் அவள் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "வா சாமி, வெயில்ல வந்திருக்க, மோரு குடி" என்று உள்ளே போனார். அவள் மஞ்சள் சேலையில் இருந்தாள். மணிக்கட்டில் மஞ்சள் கட்டிய நூல். என்னைப் பார்த்ததும் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்கவில்லை.

"எந்த வளைவுல புள்ள விழுந்தாங்க?"

ஆறு என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வளைவில் ஒரு எண் தப்பாகிவிட்டதாம். தப்பென்று தெரிந்த பிறகு ஓட்டிப் பார்த்தாளாம், நன்றாக இருந்ததாம், விட்டுவிட்டாளாம். இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை. "சொன்னா நீ நேராக்கிப் போடுவ" என்றாள்.

வந்தவர்களைப் பற்றி ஒவ்வொருவராகக் கேட்டாள். முட்டை ஆட்டத்தில் கூடை எவ்வளவு அகலம் என்றாள். ஆடுபுலியில் கம்ப்யூட்டர் புலியா ஆடா என்றாள். கேட்கும்போது பழையபடி விரல்கள் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தன. இதுதான் நேரம் என்று இறங்கும் ரோட்டைப் பற்றி எடுத்தேன். பிரேக் சூடாகிற கணக்கை முடித்துவிட்டேன் என்றேன், லாரி தயார், ரோடு மட்டும்தான் பாக்கி என்றேன்.

விரல்கள் நின்றன. மாப்பிள்ளை வீட்டாருடைய ரிக் ஆபீஸ் வடக்கே இருக்கிறது, ஆவணி பிறந்ததும் அங்கே கூட்டிப் போகிறார்கள், ஆபீஸ் வேலையைக் கவனிக்க வீட்டு ஆள் ஒருத்தர் வேண்டுமாம் என்றாள். சொல்லும்போது குரலில் வருத்தம் இல்லை. அவர் நல்ல மாதிரி என்றாள். நான் நம்பினேன்.

எனக்கு வழிகள் தோன்றிக்கொண்டே இருந்தன. ரிக் வண்டிகள் போய்வந்துகொண்டுதானே இருக்கும், டிரைவரிடம் கேசட் கொடுத்தனுப்பலாம். பார்சலில் அனுப்பலாம். வளைவுகளைப் பேப்பரில் எழுதித் தபாலில் போட்டால் நான் டைப் செய்துகொள்வேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். முடிக்கும் வரை கேட்டாள்.

"மெசின் இல்லாம கேசட்ட வெச்சு என்ன பண்றது புள்ள? போட்டுப் பாட்டா கேக்கறது?" என்றாள். பிறகு, "ஓட்டிப் பாக்காம எனக்கு ரோடு போட வராது" என்றாள்.

அது உண்மை.

அவள் அம்மா வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். "பொழுது உழறதுக்குள்ள கெளம்பீரு சாமி. இருட்டுச்சுன்னா நோன்பு முடியற வரைக்கும் நீயும் இங்கதான்" என்று சிரித்தார். அப்படி ஒரு வழக்கம் உண்டோ, சும்மா சொன்னாரோ, தெரியாது. இருட்டட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஞாயிறு சாயங்காலம், மண்டபத்துச் சாவி என்னிடம், வீட்டில் என் அம்மா தேடுவார், காலையில் வகுப்பு. எழுந்துகொண்டேன்.

அவள் என்னோடு நடந்து வந்தாள். தோரணம் வந்ததும் நின்றுவிட்டாள். பஸ் நிற்கும் இடம் அதற்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம்தான். நான் அந்தப் பக்கம் போகாமல் அவளோடேயே நின்றேன்.

"அடுத்த தடவ தையில வெச்சுக்கறேன்" என்றேன்.

"தையில நான் இங்க இருக்க மாட்டனே."

"சரி, ஆடியிலயே. ஊர்ல சாட்டறதுக்கு முன்னாடி."

"மொத ஆடிக்குத்தான் புள்ள கூப்புடுவாங்க."

மல்லூர்ப் பக்கமிருந்து பஸ் வருகிற சத்தம் கேட்டது. போ என்று என் தோளைத் தள்ளினாள். நான் தோரணத்துக்குக் கீழே குனிந்து போகும்போது, "எறங்கற ரோட்டயும் நீயே போட்டுரு. நேரா மட்டும் போட்டுராத" என்றாள்.

மார்கழிக்குள் ரோட்டை எழுதி முடித்தேன். அவள் எப்படிப் போட்டிருப்பாள் என்று யோசித்து யோசித்துத்தான் போட்டேன். ஓரிடத்தில் வேண்டுமென்றே ஒரு எண்ணைத் தப்பாக வைத்தேன். லாரி அங்கே போய் அசிங்கமாக முட்டிக்கொண்டு நின்றது. மறுநாள் அதைச் சரி செய்துவிட்டேன்.

இரண்டாவது கூட்டத்தைத் தையில் வைத்தேன். முகூர்த்த மாதம் என்பதால் மண்டபம் கிடைக்கவில்லை, சென்டரிலேயே நெருக்கி உட்கார்ந்தோம். வங்கி ஊழியர் முதல் ஆளாக வந்து இறங்கும் ரோட்டைக் கேட்டு வாங்கி ஓட்டினார். கீழே வரும் வரை ஒரு முறைகூட விழவில்லை. எழுந்திருக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறுற ரோடு போட்டவரு இது போடலீங்களா?"

"இல்லைங்க. இது நான்."

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். பிறகு, "அவரு வரலீங்களா இந்தத் தடவையும்?"

அவங்க வடக்கே இருக்காங்க என்றேன். அடுத்த தடவை கட்டாயம் வரச் சொல்லுங்கள், அந்த ஆறாவது வளைவைப் பற்றி அவரிடம் நிறையக் கேட்க வேண்டும் என்றார்.

சொல்கிறேன் என்றேன்.